மட்கார்டு நடுங்கவில்லை

கண்ணு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கீழே வரப்போகிற வரிகளில் ஆசீர்வாதம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் என்றால் போனிலேயே கத்தித் தீர்த்திருப்பேன். இது வேறு. வாயில் போட்ட சோற்றில் தலைமுடி வந்தால் கோபமா வரும்? வயிறு புரளும். அந்த மாதிரி ஒன்று பத்து நாளாக எனக்குள் புரண்டுகொண்டிருக்கிறது. முதலில் நீ படி. பிறகு பெயர்களை எடுத்துவிட்டு, பிள்ளை பெற்ற மற்றவர்களும் படிக்கக் கொடுப்பேன்.

உன் வீடியோவைப் பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஓடி வந்தாள். "ஏனுங்க அக்கா, உங்க மச்சாண்டாரு போன்ல ஓடறாருங்க! எத்தனை ஆயிரம் பேரு பாத்திருக்காங்கன்னு பாருங்க!" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உன் பெரியப்பா வெள்ளைச் சட்டையோடு டிராக்டரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது. பின்னால் வயலின் அழுகிறது. கீழே 'தலைமுறை தாண்டிய பாசம்' என்று எழுதி, ஒரு சிவப்பு இதயம். அதற்கும் கீழே உன் தங்கும் விடுதியின் பெயர், அறை பதிவு செய்ய நம்பர். யாரோ ஒருத்தி, கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். இன்னொருவர், இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய் பாக்கியவதி என்று எழுதியிருந்தார். அந்தத் தாய் கோயில் வாசலில் நின்று எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா என்பது உன் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எஸ்டேட்டில் டிராக்டர் டிரைவராக இருந்து, பச்சை இலை மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்கு இழுத்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அவர் ஓய்வு பெற்ற வருஷம் எஸ்டேட் அந்தச் சிவப்பு வண்டியைக் கழித்துக் கட்டியது. வந்த பணத்தில் மற்றவர்கள் நிலம் வாங்கினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். இவர் அந்த வண்டியை வாங்கி, கோத்தகிரியில் நம் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். இரண்டு வருஷம் ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மாட்டி ஓட வைத்தார். பிறகு சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் அதில்தான் இலை போனது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்று ஜெபப் புத்தகம். மற்றொன்று அந்த வண்டியின் உதிரி பாகப் புத்தகம். சமையலறையில் உட்கார்ந்து கிளட்ச், கேஸ்கட், கிராங்க் என்று ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தேன். "அம்மிணி, உன்ற எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குது. இந்த வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டு எழுதி வையி" என்று உன் பெரியப்பா சொன்ன நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் எழுதினேன். என்றைக்கு ஆயில் மாற்றியது, எந்தத் தோட்டத்து இலை எத்தனை மூட்டை, எந்த வளைவில் டயர் வெடித்தது, எல்லாம் இருக்கிறது. வீட்டு வரவு செலவு எழுதுவதற்குக்கூட எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததில்லை.

அந்த வண்டி உனக்கு எப்படி வந்தது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். நினைவு இருந்திருந்தால் நீ இப்படிச் செய்திருக்க மாட்டாய் என்று நம்ப இன்னும் எனக்கு ஆசை. போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள், பெரியப்பா இலை மூட்டையோடு போகும்போது வளைவில் மாடு நிற்பது அவருக்குத் தெரியவில்லை. மாடு தானாகத் தாவிப் போனதால் தப்பித்தது. கண்ணில் நீரழுத்தம் வந்து அப்போதே பாதிப் பார்வை போயிருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தார். "இன்னியோட போதும் அம்மிணி. மாடுன்னா பரவால்ல, நாளைக்கு மனுசனா இருந்தா?" என்றார். அவ்வளவுதான். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து நீயும் வந்திருந்தாய். எல்லாருக்கும் முன்னால் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்த சாவியை உன் கையில் வைத்தார். சாவியில், அவர் கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியத்தின் பழைய கயிறு கட்டியிருந்தது. அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "இது உனக்கு கண்ணு. ஓட்டறதுன்னா ஓட்டு. இந்தக் காலத்துல இத வெச்சு என்ன பண்றதுன்னு தோணுச்சுன்னா வித்துப்போடு, எனக்கொண்ணும் வருத்தமில்ல. ஆனா விக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அவ்வளவுதான்." நீ, "சரிங்க பெரியப்பா" என்றாய். குனிந்து காலைத் தொட்டாய். அவர் உன் நெற்றியில் சிலுவை போட்டார்.

இதற்கு மேல் தாராளமாக ஒரு மனிதன் எப்படிக் கொடுப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. வைத்துக் காப்பாற்று என்று சொல்லவில்லை. உருகி அழவில்லை. விற்றுக்கொள் என்று அவரே வழியும் சொல்லிவிட்டார். கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நீ இருக்கிற குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு எத்தனை தூரம்? அதுகூட வேண்டாம், போனில் சொல்லியிருந்தாலும் அவர் "சரி உடு" என்றுதான் சொல்லியிருப்பார்.

விடுதி திறக்கிற நாளைக்கு எங்கள் இருவரையும் கூட்டிவர ஜீப் அனுப்பினாய். பெரியப்பா காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார். வழி முழுக்க ஒரே பேச்சு. "பையன் வண்டிய வாசல்லயே நிறுத்தியிருக்கானாமா. மழைக்கு சைலன்சர் மேல டப்பா கவுத்து வெச்சிருக்கானா இல்லியோ, கேக்கோணும்." அந்தத் தகர டப்பா உனக்கு நினைவிருக்கும், உன் பால் பவுடர் டப்பாதான். இந்த மலையின் மழையில் நிமிர்ந்து நிற்கிற சைலன்சருக்குள் தண்ணீர் இறங்காமல் அத்தனை வருஷமும் காத்தது அது.

வந்து இறங்கினால், எனக்கு அந்த வண்டியை அடையாளமே தெரியவில்லை. சிவப்பு போய் மஞ்சளும் ரோஸும் கலந்து ஒரு பெயிண்ட். அதன் வாடை தெருவரைக்கும் அடித்தது. சைலன்சருக்குள் பிளாஸ்டிக் பூங்கொத்து. டிரெய்லரில் பச்சை நிறத்தில் புல் மாதிரி ஒரு விரிப்பு, அதன் மேல் வளைவு கட்டி ஊஞ்சல். ஊஞ்சலில் யாரோ ஒரு ஜோடி, செருப்புக் காலோடு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும். மண் சரிந்து ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் நின்ற அன்றைக்கு, உன் அப்பாவின் பெட்டியை அந்த டிரெய்லரில்தான் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். பெரியப்பா அதற்கு முன்னால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். தம்பிக்கு எரு வாடை அடிக்கக்கூடாது என்றார். உனக்குப் பதினோரு வயது. பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாய். அந்தப் பலகையின் மேல் ஊஞ்சல் கட்ட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்க மாட்டேன். பதில் கிடைத்தால் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பெரியப்பா ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் நீ என்னைத் தனியாக இழுத்துப் போனாய். "அம்மா, பானெட்டுக்குள்ள இன்ஜின் இல்ல. மேட்டுப்பாளையத்துல ஒரு மெக்கானிக்கு கேட்டாரு, குடுத்துட்டேன். முன்பக்கம் சாயாம இருக்க ஆங்கிள் வெச்சு வெல்டிங் பண்ணிருக்கு. பெரியப்பாகிட்ட உளறிடாத" என்றாய். நான், "சொல்லாமயா குடுத்த?" என்று கேட்டேன். "சொன்னா மனசு கஷ்டப்படுவாரும்மா. இப்ப யாரு டிராக்டர்ல இலை கொண்டு போறாங்க, எல்லாம் பிக்கப்புதான்" என்றாய். நீ சொன்னதில் பாதி நிஜம். தோட்டத்துக்கே பிக்கப் வந்து எடை போட்டு எடுத்துப் போகிறது. அந்த வண்டிக்கு வேலை இல்லை, எனக்கும் தெரியும். இன்ஜினுக்கு என்ன கிடைத்தது என்று நீ சொல்ல வந்தாய். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அந்தத் தொகை என் நோட்டில் ஏறாது.

பிறகு நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். வீடியோவில் நீ அதை வெட்டிவிட்டாய்.

பெரியப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். கையை நீட்டிக்கொண்டே வந்து பானெட்டைத் தொட்டார். விளக்கைத் தடவினார். அப்படியே பின்னால் போய் இடது பக்கத்து மட்கார்டைத் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் உனக்கும் தெரியும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், உன் அப்பா ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து பெயிண்ட் போய் இரும்பு வழவழப்பாகிக் குழி விழுந்த இடம். அப்பா போன பிறகு அது நீ உட்காரும் இடமானது. வண்டி ஓடும்போது அந்த மட்கார்டு நடுங்குகிற நடுக்கத்தில் பல்லெல்லாம் கிடுகிடுக்கும் என்று சிரிப்பாய். நீ அங்கே பட்டி வைத்துத் தேய்த்து, மேலே ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தாய். பெரியப்பாவின் விரல் அந்தக் குழியைத் தேடித் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. அந்தத் தேடலைத்தான் உன் ஆள் போனில் பிடித்துப் 'பாசம்' என்று போட்டான்.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணேன் கண்ணு, சத்தம் கேட்டு நாளாச்சு" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீயோ அசரவில்லை. "பண்ணிட்டாப் போச்சுங்க பெரியப்பா" என்று சொல்லி, வேலைக்காரனுக்குத் தலையை ஆட்டினாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இதை நீ முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாய். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர். அவன் போனைத் தட்டினான். டிராக்டர் சத்தம் வந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கண் தெரியாத மனிதனைச் சுற்றி நின்று இருபது பேர் சிரித்தார்கள். அதில் என் மகன் ஒருவன்.

உன்னை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. பெரியப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா திரும்பினார். நானாகவே வாயைத் திறந்து, "நல்லா புகை வருதுங்க மாமா" என்றேன்.

யார் கேட்டார்கள் என்னிடம் புகையைப் பற்றி? இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டிக்கு ஒரு மூட்டை கூட்டாமல் குறைக்காமல் கணக்கு எழுதியவளின் வாய். டீசல் வாடை கொஞ்சம்கூட இல்லாத இடத்தில் நின்று, கண் தெரியாதவருக்குப் புகையைக் காட்டியது. அவர் கையை மட்கார்டிலேயே வைத்திருந்தார். பிறகு, "ம்... நல்லா வெச்சிருக்க கண்ணு, நல்லா வெச்சிருக்க" என்று உன் தலையைத் தேடித் தொட்டு மறுபடி நெற்றியில் சிலுவை போட்டார். உனக்கு அப்பாடா என்றிருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திரும்பும்போது ஜீப்பில் அவர் பேசவில்லை. போகும்போது அத்தனை பேசினவர். ஜெகதளா பிரிவு தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மிணி, மட்கார்டு நடுங்கல."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்ஜின் முன்னாடியில்ல இருக்கோணும்? சத்தம் சீட்டுக்கு அடியில இருந்து வருது. அதும் நம்ம வண்டிச் சத்தமே இல்ல அது. நம்மளுதுக்கு ஒரு இருமல் உண்டு, நாலு தட்டு தட்டி ஒரு இருமு இருமும். இது யாருதோ புது வண்டி." சொல்லிவிட்டுச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "பாட்டு போடற பொட்டியில வண்டிய ஓட்டறான் பாரு! எங்கிருந்து புடிச்சானோ!"

"மாமா..." என்றேன்.

"உடு. வித்தா விக்கட்டும், நாந்தானே விக்கச் சொன்னேன். அவங்கிட்ட ஒண்ணும் கேக்காத. கூச்சப்படுவான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ புகைன்னு சொன்ன பாரு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வீடு வரும்வரை முடிக்கவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை. அந்தப் பாதி வாக்கியத்தை நான் தினமும் அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் முடித்து முடித்துப் பார்க்கிறேன். எப்படி முடித்தாலும் எனக்கு நல்லதாக முடியவில்லை.

அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன், அவர் சொன்னதைச் சொல்லாமல். நீ, "ஏம்மா இப்படி மூஞ்சியத் தூக்கற? அவரு சந்தோஷமாத்தானே போனாரு? அந்த சந்தோஷத்த எதுக்குக் கெடுக்கணும்? நான் அவரு மேல பாசம் இல்லாமயா இவ்வளவு பண்ணேன்?" என்றாய். கண்ணு, வயதானவர்களுக்குப் பாசத்தின் பேரால் நாம் செய்கிற அசிங்கம் கொஞ்சநஞ்சமில்லை. உண்மையைச் சொல்ல நமக்குத்தான் சங்கடம். அந்தச் சங்கடத்தைத் தூக்கி அவர்கள் மேல் போட்டு, அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தாங்க மாட்டார் என்று நீ சொன்ன அந்த மனிதர், ஓடுகிற வண்டியை நடுவழியில் தானாக நிறுத்திவிட்டு நடந்து வந்தவர். தம்பியின் பெட்டியை வைத்துக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் கை நடுங்காமல் ஓட்டியவர். அவரைவிட நீதான் தாங்க மாட்டாய். நானும்தான்.

இதை நீ எங்கே கற்றாய் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நீ கணக்கில் ஃபெயில் ஆனாய். முடிவு வந்த அன்று பெரியப்பா வண்டியை வாசலில் நிறுத்தி, "என்ன ஆச்சு அம்மிணி?" என்று கேட்டார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். நான், "பாஸுங்க மாமா" என்றேன். துணைத் தேர்வில் எழுதிவிடுவாய், அதுவரை எதற்கு அவருக்குச் சங்கடம் என்று நினைத்தேன். அவர் கடைக்குப் போய் லட்டு வாங்கி, அன்றைக்கு இலை எடுக்கப் போன ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி, "எங்க பையன் பாஸு" என்று கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தோட்டக்காரர் போஜன் கவுடர் உனக்கு ஒரு பேனா கொடுத்து அனுப்பினார். நீ அந்த லட்டை என்னோடு உட்கார்ந்து தின்றாய், நான்கூடத் தின்றேன். துணைத் தேர்வில் நீ தேறினாய், விஷயம் அதோடு மூடிப்போனது. ஆனால் அன்றைக்கே நீ ஒன்றைப் பார்த்துவிட்டாய்: இந்த மனிதரிடம் பொய் சொல்லலாம், சொன்னால் இனிப்பு வரும். அதை உனக்குக் காட்டியவள் நான். அன்றைக்கும் அவருக்குத் தெரிந்துதான் லட்டு வாங்கினாரோ என்று இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் என்ன, கூப்பிடு தூரம்தானே.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், மனசுக்குள்ளேயே வைத்துக் கரைத்திருப்பேன். போன வாரம் இன்னொன்று நடந்தது.

மாதா திருவிழாத் தேர் எதில் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவநாள் தொடங்கியதும் பெரியப்பா எரு ஏற்ற மாட்டார், அந்த ஒன்பது நாளும் செருப்போடு வண்டியில் ஏற மாட்டார், வேறு யாரையும் ஏற விடவும் மாட்டார். கடைசி நாள் டிரெய்லரைக் கழுவித் தேரை ஏற்றி, நடக்கிற கிழவிகளின் வேகத்துக்கு மேலே வரை இழுப்பார். போன வருஷம் அவருக்குப் பதிலாக நீ ஓட்டினாய். அவர் மட்கார்டில் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் ஃபாதர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் உன் வீடியோவைப் பார்த்திருக்கிறார். "வண்டி நல்லா பளபளன்னு இருக்கு போலிருக்கே! தம்பி திருவிழா ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுவாரில்ல?" என்றார். நான் காப்பித் தட்டோடு வாசல்படியில் நின்றுவிட்டேன்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிளட்ச் போயிருச்சுங்க ஃபாதர். பையன் தவியாத் தவிக்கறான், சாமான் கெடைக்கலீங்க. இந்த வருசம் பிக்கப் வெச்சுக்கோங்க" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதே இல்லை. ஃபேக்டரியில் எடை தவறிக் கூடுதலாக வந்தால்கூடத் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார், அது என் நோட்டிலேயே நாலு இடத்தில் இருக்கிறது. அவர் உனக்காகச் சொன்னார். நீ ஃபாதருக்கு முன்னால் தலை குனியக்கூடாது என்று சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம், "அம்மிணி, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, பாவசங்கீர்த்தனம் பண்ணோணும்" என்றார். மூட்டு வலியால் இரண்டு வருஷமாக முழங்கால் போடாதவர். நாற்காலி போடுகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி முழங்கால் போட்டதை நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன். எழுந்து வர அதைவிட அதிக நேரமானது. வெளியே வந்ததும், "ஃபாதர்கிட்ட சொன்ன பொய்ய ஃபாதர்கிட்டயே சொல்லியாச்சு. வண்டிக்கு என்னாச்சுன்னு மட்டும் சொல்லல, அது பையன் சொல்றதாக்கும்" என்றார்.

இப்போது நீ சொல். எண்பதைத் தொடப்போகிற மனிதன், உன் பாட்டுப் பெட்டிச் சத்தத்துக்காக, என் புகைக்காக, கல் தரையில் முழங்கால் போட்டிருக்கிறான். நீ செய்ததற்கு நீ மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அதனால் சொல்கிறேன், கேள். வருகிற ஞாயிறு தேர். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. உன் விடுதிப் பெயர் எழுதிய காரில் வராதே. போனை அணைத்து வை. ஒன்பது மணிக்கு மேல் பெரியப்பா வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியாத எதையும் நீ சொல்லப்போவதில்லை. உன் வாயால் கேட்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். நீ தொடங்கியதுமே "பரவால்ல உடு கண்ணு" என்பார். விடாதே. அவர் கொடுக்கிற சுலபத்தை வாங்கிக்கொள்ளாதே. இன்ஜினை யாரிடம் கொடுத்தாய், எப்போது கொடுத்தாய், பாட்டுப் பெட்டியை எங்கே வைத்தாய், யார் யார் சிரித்தார்கள், எல்லாவற்றையும் முழுக்கச் சொல்லி முடி. அந்த வீடியோவை அதற்கு முன்பே எடுத்துவிட்டு வா. ஊஞ்சலையும் அவிழ்த்துவிட்டு வா. வண்டியை நீ என்ன செய்துகொண்டாலும் எனக்குக் கவலையில்லை, பூச்செடி வைத்துக்கொள், இரும்புக்குப் போடு. நான் அந்த இரும்புக்காக அழவில்லை. நீ முடித்த பிறகு, பக்கத்தில் நான் நின்று என் புகையைச் சொல்வேன். அதை உன் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன். லட்டு தின்றபோதும் நாம் சேர்ந்துதானே உட்கார்ந்திருந்தோம்.

இன்னும் ஒன்று. சாவி உன்னிடம் இல்லை. இதுவரை நீ தேடியிருக்கவும் மாட்டாய். திறப்பு விழா அன்று உன் வரவேற்பு மேசைக்குப் பின்னால், பழைய லாந்தரும் ஓட்டை உரலும் மாட்டியிருந்த சுவரில், உத்தரியக் கயிறோடு அதுவும் ஓர் ஆணியில் தொங்கியது. கேட்காமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அது திருட்டுத்தான், அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இப்போது ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

நேற்று பெரியப்பா கேட்டார். "சாவி அவங்கிட்டத்தானே இருக்குது அம்மிணி?"

'ஆமாங்க மாமா, பத்திரமா வெச்சிருக்கான்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய நாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லீங்க மாமா, எங்கிட்ட இருக்குதுங்க" என்றேன். அவர் கையை நீட்டினார். அந்தக் கையில் இன்னும் கிரீஸ் கறை போகவில்லை. நான் கொடுக்கவில்லை. "அவன் வந்து அவங்கையால குடுப்பானுங்க மாமா, சனிக்கிழமை வருவான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வரட்டும்" என்றார்.

உனக்காக அவரிடம் நான் மூன்றாவதாகச் சொல்லியிருக்கிற வார்த்தை இது. முதல் இரண்டும், பாஸும் புகையும், பொய். இது என்னவென்று சனிக்கிழமை முதல் பஸ் வந்து நின்றால்தான் எனக்குத் தெரியும். நான் நிறுத்தத்தில் நிற்பேன்.

உன் அம்மா